ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று?

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அன்று காலை சுகாதார நிலையத்தில் கைக்குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தாயும் பாட்டியும் காத்திருப்பார்கள். அன்று இரவு அந்த வீடுகள் பலவற்றில் குழந்தைக்கு உடம்பு சுடும், இடது தொடை சிவந்து வீங்கும், தொட்டிலில் போட்டாலும் தோளில் போட்டாலும் அழுகை ஓயாது. மறுநாள் “ஊசி போட்டதிலிருந்து பிள்ளை சரியாக இல்லை” என்று அப்பத்தா சொல்லும்போது, அதை வெறும் பயம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு தடுப்பூசியையே பழிக்கிறவர்களும் உண்டு. இரு தரப்பாரும் கேட்காமல் விடுவது ஒரே கேள்வியைத்தான்: ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து இது தொடங்கியது? தடுப்பூசியால் வரும் ஒவ்வொரு உபாதையும் உடலுக்குள் ஒரு குறிப்பிட்ட வழியாகவே வருகிறது; அந்த வழியைக் கடக்க அதற்கென்று ஒரு கால அளவு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், ஒருவர் சொல்லும் அனுபவத்தை மதித்துக் கேட்கவும் முடியும், சரிபார்க்கவும் முடியும்.

முதல் இரவுக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 6, 10, 14 வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசி, நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் தொடங்கியது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமித் தொற்று ஆகிய ஐந்துக்கும் அது ஒரே ஊசி. இவற்றில் காய்ச்சலுக்குப் பெரும் பொறுப்பு கக்குவான் பகுதியுடையது. அரசுத் திட்டத்தில் பயன்படுவது கொல்லப்பட்ட முழு கக்குவான் பாக்டீரியா. அதன் வெளிச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள் இருக்கிறது. இந்தப் பொருளை அடையாளம் காணும் ஏற்பி நம் வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் பிறவியிலேயே அமைந்திருப்பதால், உடல் அந்தக் கிருமியை முன்பின் சந்தித்திருக்க வேண்டியதில்லை. ஏற்பி தூண்டப்பட்டவுடன் வெள்ளை அணுக்கள் இன்டர்லூக்கின் முதலிய வேதிச் செய்திகளை இரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் சுரந்து, உடல் காக்க வேண்டிய வெப்பத்தின் அளவே மேலே நகர்த்தப்படுகிறது. கை கால் சில்லிட்டிருக்க நெற்றியும் வயிறும் கொதிப்பது இதனால்தான்: தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, உடல் வெப்பத்தை உள்ளே சேமிக்கிறது. பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது.

இந்தத் தொடர் முழுவதும் சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. ஆகவே, காலையில் போட்ட ஊசிக்கு மாலையிலோ இரவிலோ காய்ச்சல் வந்து, இரண்டு நாளில் தணிந்துவிட வேண்டும். முழு பாக்டீரியா அடங்கிய இவ்வகைத் தடுப்பூசியில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இது வரலாம். அதே குழந்தைக்குக் காய்ச்சல் நான்காம் நாள்தான் தொடங்குகிறது என்றால், அந்த ஊசியைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. சளியோ, சிறுநீர்த் தொற்றோ, வேறெதுவோ என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். என் கணிப்பில், கால அளவைத் தெரிந்துகொள்வதன் பெரிய பயன் இதுதான்.

தொடை வீக்கத்துக்கு வழி வேறு. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதற்காகத் தடுப்பூசியில் சேர்க்கப்படும் அலுமினிய உப்பு, மருந்தை ஊசி போட்ட இடத்திலேயே சிறிது காலம் நிறுத்திவைத்து வெள்ளை அணுக்களை அங்கே வரவழைக்கிறது. மருந்து தசைக்குள் ஆழமாகப் போகாமல் தோலுக்கடியிலேயே தங்கிவிட்டால் வீக்கம் கூடுதலாக இருக்கும். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி சில வாரம் வரை கையில் தட்டுப்படுவதும் உண்டு. அதைத் தேய்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

எப்போதாவது, இந்த ஊசிக்குச் சில மணி நேரம் கழித்து, குழந்தை வெளிறிப்போய்க் கை கால் துவண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் கிடப்பதுண்டு. பார்க்கிற தாய்க்கு உயிரே போய்விடும். 48 மணி நேரத்துக்குள் வரும் இந்த நிலை தானாகவே சரியாகிப் பின்விளைவின்றிப் போய்விடுவது என்று மருத்துவம் அறிந்திருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் சரி.

தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் கணக்கு முற்றிலும் வேறானது. 9 மாதம் முடிந்து ஒரு முறையும், 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு முறையும் போடப்படும் இதில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். அது உடலில் பெருக வேண்டும். பெருகிய பிறகே எதிர்ப்புச் சக்தி கிளம்ப வேண்டும். அதனால் காய்ச்சல் வருவதானால் 7 முதல் 12 நாள் கழித்துத்தான் வரும். 100 குழந்தைகளில் 5 முதல் 15 பேருக்குக் காய்ச்சலும், அதைவிடக் குறைவானவர்களுக்கு மெல்லிய சிவப்புத் தடிப்பும் காணலாம்.

கோட்டையூரில் என் உறவினர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். குழந்தையின் காதுக்குப் பின்னாலும் மார்பிலும் செம்மணல் தூவினாற்போல் தடிப்பு. புதிதாகக் கொடுத்த ஏதோ உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாய் எண்ணினாள். ஆயாவோ ஒரு பார்வையிலேயே “ஆத்தா வந்திருக்கா” என்று சொல்லி, தொட்டிலில் வேப்பிலைக் கொத்தைச் செருகி, அடுப்படியில் தாளிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டது முந்தின வாரப் புதன்கிழமை என்பதால் அதை யாரும் நினைக்கவே இல்லை. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான் நாள் பொருந்தியது. அறிவியல்படி ஆயா சொன்னதுதான் உண்மைக்கு மிக அருகில் இருந்தது. அது அம்மையின் மிக மெலிந்த வடிவமே. ஆனால் மற்றக் குழந்தைகளுக்குத் தொற்றாது, இரண்டொரு நாளில் மறைந்துவிடும். குழந்தைக்கு வழக்கமான உணவை நிறுத்தவும் தேவையில்லை. இந்த நாட்களில் காய்ச்சல் ஏறி வலிப்பு வருவது சுமார் 3,000 ஊசியில் ஒன்றுக்கு நேர்கிறது. அவ்வலிப்பு அச்சுறுத்தினாலும் மூளையைச் சேதப்படுத்துவதில்லை. தட்டம்மை நோயே வந்தால், 1,000 பேரில் ஒருவருக்கு மூளை அழற்சி வருகிறது.

பிறந்தவுடன் இடது தோளில் போடப்படும், காசநோய்க்கான பிசிஜி இன்னும் மெதுவானது. சில வாரம் கழித்து அந்த இடம் சிவந்து, பழுத்து, உடைந்து, தழும்பாகும். அது அப்படித்தான் ஆக வேண்டும். களிம்பு எதுவும் வேண்டாம்.

நிமிடங்களில் வருபவை இரண்டு. இவற்றைப் பிரித்தறிவது உயிர் காக்கும். ஒன்று, அனாஃபிலாக்ஸிஸ் என்னும் கடும் ஒவ்வாமை. மருந்தில் உள்ள ஏதோ ஒரு பொருளுக்கு எதிராக ஏற்கெனவே உடலில் உருவாகியிருக்கும் இம்யூனோகுளோபுலின் இ என்னும் எதிர்ப்புப் பொருள், திசுக்களில் இருக்கும் மாஸ்ட் அணுக்களை வெடிக்கச் செய்கிறது. அவற்றிலிருந்து கொட்டும் ஹிஸ்டமின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, மூச்சுக் குழாய்களை இறுக்குகிறது. தோலில் தடிப்பு, மூச்சிரைப்பு, வேகமான ஆனால் மெலிந்த நாடி ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும் என்பதால்தான் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் நேரும் இதற்கு மருந்து, உடனே தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின். மற்றொன்று வெறும் மயக்கம். 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி ஊசி போடும்போது, வரிசையில் ஒரு மாணவி விழுந்தால் அடுத்தடுத்து நான்கைந்து பேர் விழுவதைப் பள்ளி ஆசிரியர்கள் அறிவார்கள். இதில் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடி மெதுவாகிறது, தடிப்போ மூச்சிரைப்போ இருக்காது, படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை. அச்சம் நரம்பின் வழியாக இதயத்தை உண்மையாகவே மெதுவாக்குகிறது.

செட்டிநாட்டில் முதியவர்களிடம் ஊசி என்றால் அவர்கள் முதலில் சொல்வது நாய்க்கடி ஊசியைப் பற்றித்தான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. போட்டவர் சிலருக்குக் கால் விளங்காமல் போனது. இது கட்டுக்கதை என்று நினைக்கிற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். முழு உண்மை அது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய அந்தத் தடுப்பூசி, வெறிநோய் வைரஸை ஆட்டின் மூளையில் வளர்த்து, அந்த மூளைத் திசுவையே அரைத்துக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் இது தயாரானது. ஆட்டின் மூளை நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையும், மனித நரம்பின் மயலின் உறையும் மிக ஒத்தவை. நாள்தோறும் வயிற்றுத் தோலுக்கடியில் ஆட்டு மயலினை ஏற்றியதால், சிலரது உடல் அதற்கெதிராக எதிர்ப்பைத் திரட்டி, அந்த எதிர்ப்பு அவர்களுடைய சொந்த நரம்புகளையே தாக்கியது. எதிர்ப்பு திரள வேண்டியிருந்ததால், பக்கவாதம் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வந்தது. பாதிக்கப்பட்டவர்களின் அனுபவங்கள்தான் மருத்துவ இதழ்களில் பதிவாகி, மூளைத் திசுவே கலக்காத, அணு வளர்ப்பில் தயாரான ஊசிக்கு வழிவகுத்தன. இந்தியா பழைய ஊசியை 2004 டிசம்பரில் நிறுத்தியது. இன்று கையில் சில தவணை ஊசிதான், பக்கவாத பயமும் இல்லை. பழைய நினைவால் நாய்க்கடி ஊசிக்குத் தயங்கும் பெரியவர்களிடம் “அதெல்லாம் பொய்” என்று சொல்வதைவிட, “நீங்கள் பார்த்தது உண்மை, அந்த மருந்து இப்போது இல்லை” என்று சொல்வதே நேர்மையாகும்.

கக்குவான் ஊசியிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1974-75 குளிர்காலத்தில் முத்தடுப்பு ஊசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறந்ததால் ஜப்பான் அதை நிறுத்தியது. மீண்டும் தொடங்கியபோது போட்டுக்கொண்டவர்கள் குறைந்துபோனார்கள். 1979-இல் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் வந்து 41 பேர் இறந்தனர். பின்னர் அங்கேயே, பாக்டீரியாவின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்த தடுப்பூசி 1981-இல் வந்தது. நம் ஊர் தனியார் மருத்துவமனைகளில் ‘வலியில்லா ஊசி’ என்று விலை கூடுதலாகப் போடப்படுவது இதுதான். காய்ச்சல் குறைவு என்பது மெய். ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது என்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

கால அளவு தெரியாததால் பயம் நீடிப்பதும் உண்டு. கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்களில் மிக அரிதாகச் சிலருக்கு, இரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் பிஎஃப்4 என்னும் புரதத்துக்கு எதிராக எதிர்ப்புப் பொருள் உருவாகி, இரத்தம் உறைந்ததோடு தட்டணுக்களும் குறைந்தன. 2021-லேயே கண்டறியப்பட்ட இது, ஊசிக்குப் பின் 4 முதல் 42 நாளுக்குள் வருவது. 2024-இல் இந்தச் செய்தி மறுபடியும் பரவியபோது, தங்களுக்கு இனி ஏதும் ஆகுமோ என்று காரைக்குடியில் எனக்குத் தெரிந்த பலர் தூக்கம் கெட்டார்கள். அவர்களுக்கு அந்த அபாயக் காலம் ஊசி போட்ட அடுத்த சில வாரங்களிலேயே முடிந்துவிட்டது.

இனி கடினமான பகுதி. நேரம் பொருந்துவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. பின்லாந்தில் 581 இரட்டையர் இணைகளைக் கொண்டு 1986-இல் வெளியான ஆய்வில், ஒரு குழந்தைக்குத் தட்டம்மை-புட்டாளம்மை-ரூபெல்லா ஊசியும் மற்றதற்கு மருந்தில்லா ஊசியும் போட்டு, மூன்று வாரம் கழித்து இரண்டையும் மாற்றினார்கள். எது எப்போது என்பது பெற்றோருக்கும் தெரியாது. உபாதைகளை எண்ணிப் பார்த்தபோது, மெய்யாக மருந்தால் உபாதை வந்தது 0.5 முதல் 4 விழுக்காடு குழந்தைகளுக்குத்தான். மற்றவை எல்லாம் அந்த வயதில் எப்படியும் வந்திருக்கக்கூடிய சளியும் காய்ச்சலும். பெரியவர்களிடமும் இது காணப்பட்டது: கோவிட் தடுப்பூசிச் சோதனைகளில் மருந்தில்லா ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் சுமார் 35 விழுக்காட்டினர் முதல் தவணைக்குப் பின் தலைவலி, அசதி முதலியவற்றைத் தெரிவித்தார்கள். எதிர்பார்ப்பே வலியை உண்டாக்க வல்லது.

இன்னொன்று மனத்தை வருத்துவது. கக்குவான் ஊசிக்குப் பின் வலிப்பு தொடங்கி, வளர்ச்சி குன்றிய சில குழந்தைகளுக்கு ‘தடுப்பூசியால் மூளைப் பாதிப்பு’ என்று பல ஆண்டுகள் முன்பு எழுதப்பட்டிருந்தது. 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 14 பேரின் மரபணுவைப் பரிசோதித்தபோது 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ என்னும் மரபணுவில் பிறழ்வு இருந்தது. நரம்பணுவின் சோடியம் வாயிலை இயக்கும் அந்த மரபணு பழுதானால், எந்தக் காய்ச்சலிலும் வலிப்பு தொடங்கிவிடும். ஊசியின் காய்ச்சல் அதைச் சற்று முன்னதாக வெளிக்கொணர்ந்திருக்கலாம். நோய் அவர்களோடு பிறந்தது. தாய் கண்டது பொய்யில்லை. அவள் சொன்னது பதிவாகி இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு உண்மைக் காரணத்தைத் தேட முடிந்தது.

ஆகையால், உபாதை எதுவானாலும் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லும்போது ஊசி போட்ட நேரம், உபாதை தொடங்கிய நேரம், தடுப்பூசி அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். உயிரிழப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, ஒரே அமர்வில் போட்டுக்கொண்ட பல குழந்தைகளுக்கு ஒரே உபாதை ஆகியவற்றை மருத்துவ அலுவலர் மாவட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்டக் குழு விசாரிக்கும். இவற்றில் கடைசியானது மிக முக்கியமானது. கலக்கி வைத்த தட்டம்மை மருந்தை 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து போட்டால், அதில் வளரும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சு ஒரே நாளில் பல குழந்தைகளைப் பாதிக்கும். அது மருந்தின் குற்றம் ஆகாது, கையாண்ட முறையின் குற்றம். ஒரு வீடு வாய் திறந்தால் அடுத்த வீட்டுக் குழந்தை பிழைக்கும். முதல் தவணைக்குக் காய்ச்சலும் வீக்கமும் வந்த குழந்தைக்கு அடுத்த தவணையைத் தவிர்க்கத் தேவையில்லை. கடும் ஒவ்வாமை வந்தவருக்கு அதே ஊசியை மீண்டும் போடக் கூடாது. அதை அட்டையின் முகப்பிலேயே சிவப்பு மையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.