களிம்பு: பழஞ்சீன வெண்கலச் சாடியின் பச்சைக்குத் தமிழ்ப் பெயர்

பேரரசுக் காலத்துச் சீன வெண்கலப் பூச்சாடியை வாங்க வருகிறவர் நெடுநேரம் உற்றுப் பார்ப்பது அதன் மேல் படிந்த பச்சையை. ஏல விவரங்களில் அதற்குப் ‘பாட்டினா’ என்று பெயர். இத்தாலிய மொழி வழியாகப் பரவிய சொல். லத்தீனில் பாட்டினா என்றால் ஆழமில்லாத பாத்திரம். தமிழில் எழுதுகிறவர்கள் சிலர் ‘பாட்டினா’ என்றே விட்டுவிடுகிறார்கள், சிலர் ‘துரு’ என்கிறார்கள். துரு இரும்புக்கு உரியது. செம்புக்கும் வெண்கலத்துக்கும் உரிய சொல் களிம்பு.

இன்று களிம்பு என்றதும் மருந்துக் கடைதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடம் ‘களிம்பேறிவிட்டது’ என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. ‘களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி’ என்கிறது திருமந்திரம். அங்கே அது உயிரைப் பற்றிக்கொண்ட மலம் என்னும் அழுக்கு, அறுக்க வேண்டியது. சீனச் சேகரிப்பாளருக்கோ அதுவே செல்வம். 1388-இல் ட்சாவ் சாவ் எழுதிய தொல்பொருள் கையேடு, மண்ணில் ஆயிரம் ஆண்டு கிடந்த கலம் நீலப்பச்சை, நீரில் கிடந்தது தூய பச்சை, இரண்டும் ஜேட் கல்லைப் போல் மினுங்கும் என்கிறது.

அந்தப் பச்சை பெரும்பாலும் மலாக்கைட் என்னும் செம்புக் கார்பனேட். பூதக்கண்ணாடியில் பார்த்தால், பச்சை உதிர்ந்த இடத்தில் செந்நிற அடுக்கு ஒன்று தெரியும். அது குப்ரைட் என்னும் செம்பு ஆக்சைடு, களிம்பு உலோகத்திலிருந்தே வளர்ந்தது என்பதற்குச் சாட்சி. பசையில் நிறப்பொடி குழைத்துப் பூசியதில் இப்படி அடுக்கடுக்காக வளர்ந்த தடம் இருக்காது.

சோங் பேரரசர் ஹுய்சோங் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனையின் பழங்கலங்களுக்குப் படத்தோடு பட்டியல் செய்வித்தார். பின்னர் மிங், சிங் காலங்களில் ‘ஹு’, ‘கு’ முதலிய தொல்வடிவங்களில் சாடிகள் வார்த்து, பழமை தோன்ற நிறமும் ஊட்டினார்கள். தானாக வந்தால் களிம்பேறிய சாடி. மனிதர் வரவழைத்தால் களிம்பேற்றிய சாடி. ஓர் ஒற்று இரட்டித்ததும் தன்வினை பிறவினையாகிவிடுகிறது. இவ்வளவு கச்சிதமான வேறுபாடு தமிழில் இருக்கும்போது இரவல் சொல் எதற்கு? களிம்பேற்றியவை எல்லாம் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மிங் சாடியை மிங் சாடி என்றே விற்றால் அது நேர்மையான கலைப்பொருள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷாங் காலத்தது என்று விற்றால்தான் மோசடி.

ஒரே ஒரு களிம்புக்கு அஞ்ச வேண்டும். வெளிர்பச்சைப் பொடியாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்பி, விரல் பட்டால் உதிரும். இதை வெண்கல நோய் என்பார்கள். குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்கின்றன. அந்தச் சாடியை உலர்ந்த பெட்டியில் தனியே வைத்து, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்ட வேண்டும். புளியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.