சட்டைத் தெறியும் நேர்முகத் தேர்வும்: வன்னிக்கு வேண்டிய பராமரிப்புப் பணியாளர்கள்

வன்னியில் தொழில்வழிச் சிகிச்சையாளராகப் பணியாற்றத் தொடங்கிய நாள்முதல் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "எங்கட பிள்ளைக்கு என்ன தொழில் பழக்குவீங்கள்?" என்பதே. பெயரிலேயே 'தொழில்' இருக்கும்போது மக்கள் அப்படி விளங்கிக்கொள்வதில் பிழையில்லை. நாங்கள் அச்சொல்லால் குறிப்பது, முகம் கழுவுவது, கிணற்றடிக்குப் போவது, சோறு பிசைந்து உண்பது, பிள்ளையைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்துவது என ஒருவரின் நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தையுமாகும். பாரிசவாதமோ முள்ளந்தண்டு வடக் காயமோ உளநோயோ அவற்றைப் பறித்துவிடும்போது, அவர் மீண்டும் அவற்றைச் செய்யக்கூடியதாக வீட்டையும் கருவிகளையும் வழக்கங்களையும் மாற்றியமைப்பதே எங்கள் வேலை. இந்த விளக்கத்தைப் பெற்றோருக்குச் சொல்வது எளிது. பணியாளர் தெரிவுக் குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

2009 இல் முடிந்த போர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் விட்டுச்சென்ற காயங்கள் இப்போது முதுமையோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன. அன்று இருபத்தைந்து வயதில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார். அவரைத் தூக்கிப் புரட்டிய தாய்க்கு எழுபதாகிறது. 2024 இல் மாங்குளத்தில் மருத்துவப் புனர்வாழ்வுக்கென ஒரு மையம் திறக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் நோயாளர் வைத்தியசாலையில் கழிப்பது சில வாரங்கள் மட்டுமே. மீதிக் காலத்தை அவர் மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ உள்ள தம் வீட்டில் கழிக்கிறார். அங்கே போய்வருவதற்குத்தான் ஆட்கள் வேண்டும்.

ஆட்கள் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் பாடசாலையிலேயே தொடங்குகிறது. தொழில்வழிச் சிகிச்சைப் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி வேண்டும். கற்கை ஆங்கிலத்தில் நடைபெறும். டிப்ளோமாவுக்குக் கொழும்புக்கும் பட்டப்படிப்புக்கு ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கும் போகவேண்டும். விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையில் படிக்கும் மாணவிக்கு இந்தக் கதவு பதினாறு வயதிலேயே மூடிவிடுகிறது. சமூகப்பணியின் நிலை சற்று மேல். 1952 இல் தொடங்கி இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் என அறியப்படும் நிறுவனத்தில் 2005 முதல் சமூகப்பணிப் பட்டப்படிப்பு இருக்கிறது. பராமரிப்பாளருக்கான தேசிய தொழிற்றகைமை மூன்றாம் மட்டத்தைப் பெறும் இளையோர் பலர் இஸ்ரேலுக்கோ ஜப்பானுக்கோ போய்விடுகிறார்கள். அங்கே கிடைக்கும் சம்பளத்தை அறிந்த எவரும் அவர்களைக் குறைசொல்ல மாட்டார்.

ஆகவே, தகைமை பெற்றவர் வெளியிலிருந்து வருவார் என்று காத்திராமல், ஊரிலேயே ஆளைத் தேடி, படிப்படியாக வளர்த்தெடுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அப்படித் தேடும்போது எதைப் பார்த்துத் தெரிவுசெய்வது என்பதில்தான் நாங்கள் நெடுங்காலம் தவறிழைத்தோம். விண்ணப்பதாரர் கொண்டுவரும் கோப்பில் செயலமர்வுச் சான்றிதழ்கள் ஓர் அங்குலத் தடிப்புக்கு இருக்கும் (போருக்குப் பிந்திய சில ஆண்டுகளில் மதியச் சாப்பாட்டுப் பார்சலோடு ஒரு சான்றிதழும் தராத மண்டபம் வன்னியில் அரிது). அந்தக் கோப்பைப் புரட்டி ஒருவரை எடுத்தால், அவர் படிவம் நிரப்புவதில் வல்லவராக இருப்பார். அதற்குமேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

நான் பங்கெடுத்த ஒரு திட்டத்தில், சமூகமட்டப் புனர்வாழ்வுப் பணியாளர்களைத் தெரிவுசெய்ய இறுதிச் சுற்றை ஒரு வீட்டில் நடத்தினோம். பாரிசவாதத்தால் வலக்கை தளர்ந்த முதியவர் ஒருவர், முழு விளக்கமும் பெற்று மனமொப்பி, விருந்தினரை வரவேற்பதுபோல் இதற்கு இடம்கொடுத்தார். அவர் ஒற்றைக் கையால் சட்டைத் தெறி பூட்டிக்கொண்டிருக்கும்போது விண்ணப்பதாரர் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பத்து நிமிடம் அவரோடு இருக்கவேண்டும். பெரும்பாலோர் அரை நிமிடத்துக்குள் எழுந்துபோய்த் தெறியைப் பூட்டிவிட்டார்கள். நல்ல மனம், ஆனால் எங்கள் பணிக்கு அது போதாது. மிகக் குறைந்த கல்வித் தகைமையுடைய ஒரு பெண்ணும் கையை நீட்டத்தான் செய்தார். முதியவர், "பொறு பிள்ளை, நானே பூட்டுவன்" என்றதும், அந்தப் பெண் தம் கையை விலக்கிக்கொண்டு கதிரையைவிட்டு இறங்கிப் பாயில் அமர்ந்து, நான்கு நிமிடத்துக்கு மேல் வாய்திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, கீழ்த் தெறியில இருந்து தொடங்கினா லேசாயிருக்குமோ?" என்று கேட்டார். ஒரு செயலைக் கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பதை எங்களுக்குப் பல மாதங்கள் கற்பித்தார்கள். அவர் அதைப் பாயில் அமர்ந்தபடியே செய்தார். தெரிவுக் குழுவில் ஒருவர் அவருடைய சாதாரண தரப் பெறுபேற்றைச் சுட்டி மறுத்ததும், நாங்கள் அரைநாள் வாதாடியதும் தனிக்கதை.

இன்னொரு வளத்தை நாம் ஏறக்குறைய தொடாமலே விட்டிருக்கிறோம். சக்கர நாற்காலியிலேயே ஆண்டுக்கணக்காக வாழும் ஒருவர், படுக்கைப் புண் வராமல் இருக்க அடிக்கடி கைகளை ஊன்றி உடலை உயர்த்தவேண்டும் என்பதைப் புதிதாகக் காயமுற்றவருக்குச் சொல்லும்போது அதற்கிருக்கும் எடை, என் வாயிலிருந்து வரும்போது இருப்பதில்லை. அரச வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீதம் ஒதுக்கவேண்டும் என்ற சுற்றறிக்கை 1988 இலேயே வந்தது. அவர்களைப் புனர்வாழ்வுப் பணிக்கே சம்பளத்தோடு அமர்த்துவது சலுகையன்று. அந்த வேலைக்கு அவர்களே பொருத்தமானவர்கள். போக்குவரத்துச் செலவையும் நியமனத்தோடு சேர்த்தே திட்டமிடவேண்டும், ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பினால் பேருந்து எண்ணி வரும் ஊர்கள் இவை.

தெரிவுசெய்த பின் அவரைத் தனியே விட்டுவிடுவதுதான் ஆகப்பெரிய தவறு. உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு, மாணவர் ஒருவருக்குக் குறைந்தது 1000 மணிநேரக் களப்பயிற்சியை, அதுவும் மேற்பார்வையுடன், கேட்கிறது. நாமோ கிராமப் பணியாளருக்கு இரண்டு வார வகுப்பு நடத்தி, ஒரு பையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மேற்பார்வை என்ற சொல் இங்கே வரவுப் பதிவேட்டைப் பார்ப்பது என்றாகிவிட்டது. நான் வேண்டுவது இரண்டு வாரத்துக்கொருமுறை ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம்மால் முடியாமற்போன ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லும் கூட்டம். வெற்றிக் கதைகளை அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.

நாங்கள் நடத்திய அத்தகைய கூட்டங்களில், பாயில் அமர்ந்த அதே பெண் மூன்றாவது கூட்டத்தில்தான் வாய்திறந்தார். வீட்டுத்திட்ட வீடொன்றுக்குச் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சரிவுப்பாதையை மேசனைக் கொண்டு கட்டுவித்திருந்தார்; ஆனால் அந்த வீட்டுத் தம்பி அதைப் பயன்படுத்துவதில்லை, ஏன் என்று கேட்க வெட்கமாயிருந்தது என்றார். விறாந்தையின் உயரம் ஒன்றரை அடி. பாதையின் நீளம் ஆறடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்குப்படி பதினெட்டு அடி வேண்டும். ஆறடியில் அது ஏற்றமல்ல, செங்குத்து. இந்தக் கணக்கை அவருக்கு வகுப்பில் சொன்னவன் நான்தான். அளவு நாடாவைக் கையில் கொடுத்து ஒரு வீட்டை அளக்கவைக்காதவனும் நான்தான். அடுத்த வாரம் இருவரும் போய் அளந்து, முற்றத்தில் இடம் போதாததால் பக்கச் சுவரோடு திரும்பிச் செல்லும்படி கோடு போட்டோம். இரண்டாம் முறை சீமெந்து வாங்கும் செலவு எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்ற கடிதத்துக்குத்தான் பதில் இன்னும் வரவில்லை.