மாதிரிக் கப்பலின் தலைக்கனம்: கடல் விமானம் ஏற்றும் முன் அளக்க வேண்டியவை

மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் இளைஞர் ஒருவர், மழைக்காலம் முடிந்த கையோடு, 1.35 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் கப்பலுடல் ஒன்றை டாக்சியின் மேல் கட்டிக்கொண்டு செம்பூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். ஒரு குடியிருப்பின் நீச்சல் குளத்தில் முந்தின ஞாயிற்றுக்கிழமை அது மூழ்கியிருந்தது. மோட்டார் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே இன்னும் ஈரம் காயவில்லை. கப்பல்களின் நிலைத்தன்மையைக் கணக்கிட்டு ஆவணம் தயாரிப்பது என் தொழில் என்பதால், நண்பர்கள் வட்டத்தில் மூழ்கிய மாதிரிகள் எப்படியோ கடைசியில் என் மேசைக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஓட்டை விழுந்து மூழ்கியவை அல்ல, மேலே பாரம் கூடிக் கவிழ்ந்தவை.

அந்த இளைஞர் கட்ட விரும்பியது ஜெர்மானியரின் 'வோல்ஃப்' கப்பலை. 1913இல் 'வாக்ட்ஃபெல்ஸ்' என்ற பெயரில் சாதாரணச் சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டு, முதல் உலகப் போரில் பீரங்கிகளும் கண்ணிவெடிகளும் ஏற்றப்பட்டு, கூடவே 'வோல்ஃப்ஹென்' என்று செல்லப்பெயர் சூட்டப்பட்ட ஃப்ரீட்ரிஹ்ஸ்ஹாஃபன் எஃப்.எஃப்.33 வகைக் கடல் விமானம் ஒன்றையும் சுமந்து, 1916 நவம்பர் இறுதியில் புறப்பட்டு 451 நாள்கள் கடலிலேயே கழித்த கப்பல் அது. மும்பைக்கு அதனோடு நேரடித் தொடர்பு உண்டு. 1917 பிப்ரவரியில் அது நம் கடற்கரைக்கு அப்பால் விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளில் ஒன்றில்தான் அவ்வாண்டு ஜூனில் 'மங்கோலியா' என்ற பயணிகள் கப்பல் மோதி மூழ்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூகினிப் பக்கம் 'வோல்ஃப்' சிறைபிடித்த ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்றின் பெயர் 'மாட்டுங்கா' என்று இளைஞர் சொன்னபோது, மூழ்கிய கப்பலை மறந்து இருவரும் சிரித்துவிட்டோம்.

சரக்குக் கப்பலின் மாதிரி உடல் ஏற்கெனவே கையில் இருப்பதால், விமானம் ஒன்றையும் அதைத் தூக்கி இறக்கும் டெரிக் ஒன்றையும் மேல்தளத்தில் வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அளவு சரியாக இருந்தால் எடையும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையே இந்த எண்ணத்தின் அடியில் கிடக்கும் பிழை. நூறில் ஒரு பங்கு அளவில் நீளம் நூறாகவும், பரப்பு பத்தாயிரமாகவும், எடை பத்து லட்சமாகவும் வகுபடும். சுமார் 11,200 டன் நீரை இடம்பெயர்த்த அந்தக் கப்பலின் மாதிரி ஏறத்தாழ 11 கிலோ இருக்க வேண்டும். பறக்கும்போது ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் இருந்த அந்த விமானத்தின் மாதிரியோ இரண்டு கிராமைக்கூட எட்டக் கூடாது. இளைஞர் ரெசினில் அச்சிட்டு வாங்கிய விமானம் 28 கிராம் இருந்தது. "வெறும் 28 கிராம்தானே அண்ணா" என்றார். உண்மைக் கப்பலில் அது இருபத்தெட்டு டன், அதாவது ஒரு விமானம் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு விமானங்களுக்கு மேல் என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. அதோடு பித்தளையில் செய்த டெரிக்கும் பாய்மரங்களும் சேர்ந்திருந்தன. கீழேயோ, எடை குறைவு என்று அவர் பெருமையோடு வாங்கிய லித்தியம் பேட்டரி. மொத்தம் 7.4 கிலோ மட்டுமே இருந்த அந்தக் கப்பல் நீர்க்கோடு வெளியே தெரியும்படி உயர்ந்து மிதந்தது. பார்ப்பவர்களுக்கு அது கம்பீரமாகத் தோன்றியிருக்கக்கூடும்.

தளத்தின்மேல் வைக்கப்பட்ட பொருளின் எடை, அது இருக்கும் உயரத்தில் செயல்படுகிறது. அதே பொருளைக் கம்பியில் தொங்கவிட்டுத் தளத்திலிருந்து அரை அங்குலம் உயர்த்திய கணத்திலேயே, கம்பி எந்த உச்சியிலிருந்து தொங்குகிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொண்டதைப் போல அதன் எடை செயல்படத் தொடங்கிவிடும். துறைமுகத்தில் கனமான சரக்கைத் தூக்கும் கப்பல்களில் இதைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் வின்ச்சில் கை வைப்பதில்லை. மாதிரி கட்டுபவர்கள் மறப்பது இதைத்தான், ஏனென்றால் விமானம் தளத்தில் இருக்கும்வரை கப்பல் ஒழுங்காகவே நிற்கும்.

ஈரம் துடைத்து, மோட்டாரை மட்டும் கழற்றி அதே எடையை அதே இடத்தில் வைத்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் அந்தக் கப்பலை மிதக்கவிட்டு நாங்கள் சாய்வுச் சோதனை செய்தோம். உண்மைக் கப்பல்களுக்கு நாங்கள் செய்வதும் இதுவே. பயணிகள் கப்பல் ஒன்றின் வெற்று எடை இரண்டு சதவீதத்துக்கு மேல் மாறிவிட்டால் மறுபடியும் சாய்த்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பது சர்வதேச விதி. வீட்டில் செய்வதற்கு 100 கிராம் எடைக்கல்லும், நூலில் தொங்கும் சிறு குண்டும், ஓர் அளவுகோலும் போதும். நடுக்கோட்டில் வைத்த எடைக்கல்லை 4 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தியதும், 30 சென்டிமீட்டர் நூலின் நுனி 5.4 சென்டிமீட்டர் விலகியது. நகர்த்திய எடை, தூரம், நூலின் நீளம் மூன்றையும் பெருக்கி, கப்பலின் மொத்த எடையாலும் நூல் விலகிய தூரத்தாலும் வகுத்தால், ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் (கப்பல் சிறிது சாயும்போது மிதப்பு விசையின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி) இடைப்பட்ட உயரம், அதாவது எங்கள் தொழிலில் ஜி.எம். என்று சொல்வது, கிடைத்துவிடும். இது குறையக் குறையக் கப்பல் எளிதில் சாயும். இங்கே அது 3 மில்லிமீட்டர். உண்மைக் கப்பலுக்கு விதி கேட்கும் குறைந்தபட்சம் 15 சென்டிமீட்டர். அதை நூறால் வகுத்து ஒன்றரை மில்லிமீட்டர் போதும் என்று வாதிட முன்வருபவர்கள், மாதிரியில் நாம் வைக்கும் பொருள்கள் எதுவும் உரிய விகித எடையில் இருப்பதில்லை என்பதை மீண்டும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 3 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு மீதியைத் தாளில் போட்டோம். விமானம் 15 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள டெரிக் உச்சியிலிருந்து தொங்கியதும் ஜி.எம். இரண்டரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குகிறது; அது நடுக்கோட்டிலிருந்து 22 சென்டிமீட்டர் வெளியே போனதும் கப்பல் 19 பாகை சாய்கிறது. அன்று குளத்தில் சர்வோ மோட்டார் டெரிக்கை மெதுவாகத் திருப்பாமல் வீசித் திருப்பியதால் சாய்வு அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு எட்டியிருக்கும். கை நுழைய வசதியாக விளிம்புவரை வெட்டியிருந்த தளத் திறப்பு, மேலே மூடி வெறுமனே வைக்கப்பட்டிருந்த நிலையில், தண்ணீருக்குக் கதவு திறந்துவிட்டது.

மாற்றம் மேலிருந்து தொடங்கியது. ரெசின் விமானத்தைக் காட்சி அலமாரிக்கு அனுப்பிவிட்டு, பால்சா மரச் சட்டமும் மெல்லிய தாளும் கொண்டு 6 கிராமில் இன்னொன்று செய்தார். டெரிக்குக்கும் பாய்மரங்களுக்கும் மூங்கில் குச்சிகளைச் சீவினார். கீழே, லித்தியம் பேட்டரிக்குப் பதிலாக யூ.பி.எஸ்.ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி படுக்கவைக்கப்பட்டது. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் அதுவே நல்ல அடிப்பாரம். மீதிக்கு மீன்பிடி வலையில் கட்டும் ஈயக் குண்டுகள். ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் உருக்கவே உருக்காதீர்கள். குண்டுகளைக் கையுறையோடு எடுத்து, எப்பாக்சியில் குழைத்து அடித்தளத்தில் அசையாமல் பதித்தால் போதும். அசையும் அடிப்பாரத்தைவிட அடிப்பாரமே இல்லாமலிருப்பது மேல். ஃபைபரை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் துணியைக் கட்டிக்கொள்ளாமல், தூசு வடிகட்டும் உண்மையான முகக்கவசம் அணிய வேண்டும்.

கசிந்து உள்ளே தேங்கும் தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடுவதால், நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தோம்; அகலம் பாதியானால் தேங்கிய நீரின் கெடுதல் கால் பங்காகிவிடும். திறப்பைச் சுருக்கி, மூடிக்கு ரப்பர் விளிம்பும் திருகும் பொருத்தினோம். இரு முனைகளிலும் தெர்மோகோல் அடைத்ததால், மறுபடி தண்ணீர் புகுந்தாலும் கப்பல் கண்ணுக்குத் தெரியும்படி மிதக்கும். பவாய் ஏரியில் விடலாமா என்று இளைஞர் கேட்டார். அங்கே காற்றில் எழும் 5 சென்டிமீட்டர் அலை இந்தக் கப்பலுக்கு 5 மீட்டர் அலை. மேலும் மோட்டார் நின்றுபோன கப்பலை மீட்க இடுப்பளவு தண்ணீரில் இறங்குபவர், அந்த ஏரியில் முதலைகள் வாழ்கின்றன என்பதையும் அறிந்திருக்க வேண்டும். காற்றில்லாத காலையில் நீச்சல் குளமே போதும் என்றேன்.

இரண்டாவது சோதனையில் கப்பல் ஏறத்தாழ 11 கிலோ இருந்தது. அதே 100 கிராமை அதே 4 சென்டிமீட்டர் நகர்த்தியபோது நூல் 1.1 சென்டிமீட்டர்தான் விலகியது, ஜி.எம். 1 சென்டிமீட்டருக்கு வந்திருந்தது. புதிய விமானம் முழுவதும் வெளியே தொங்கியபோது சாய்வு ஒரு பாகையைத் தொடவில்லை. சென்ற வாரம் இளைஞர் ஒரு படம் அனுப்பி, பின்பக்கம் 40 கிராமில் ஒரு பித்தளைப் பீரங்கி மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். எடைக்கல்லையும் நூலையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.