சினை ஊசியில் அயல் மரபணு கலக்கிறார்களா?

‘டாக்டர், இந்தக் குச்சியில் ஜீனை மாற்றி அடைத்திருக்கிறார்களாமே? பால் குடிக்கலாமா?’ பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்து, குச்சி போன்ற சிறு குழாயில் அடைத்து உறையவைத்த விந்து கிராமங்களுக்கு வந்த பிறகு, மாடு வளர்ப்போர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான பயம்தான். விந்தணு வழியாக அயல் மரபணுவைக் கால்நடைக்குள் கொண்டுபோகும் முயற்சி உண்மையிலேயே நடந்திருக்கிறது. ஆனால் அதற்கும் உங்கள் பசுவுக்குப் போடும் ஊசிக்கும் சம்பந்தமில்லை.

மரபணு மாற்றிய கால்நடையை உருவாக்க முதலில் கைக்கொண்ட வழி, கருவுற்ற முட்டைக்குள் நுண்ணூசியால் டிஎன்ஏவைச் செலுத்துவது. 1985-இல் முயல், செம்மறி, பன்றி ஆகியவற்றில் இதைச் செய்துகாட்டினார்கள். பசுவில் இது பெரும்பாடு. முட்டைக்குள் கொழுப்பு நிறைந்திருப்பதால் உட்கரு கண்ணுக்கே தெரியாது. முட்டையைச் சுழற்றிக் கொழுப்பை ஒதுக்கிய பிறகே ஊசி போட முடியும். அத்தனை பாடுபட்டும் பெரும்பாலான கன்றுகள் அயல் மரபணு இல்லாமலே பிறக்கும்.

எப்படியும் முட்டைக்குள் போகப்போகிற விந்தணுவிடமே அந்த டிஎன்ஏவைக் கொடுத்தனுப்பினால் என்ன என்ற யோசனை இங்கிருந்துதான் வலுப்பெற்றது. முயல் விந்தணு வெளி டிஎன்ஏவை ஏற்கும் என்பது 1971-லேயே தெரிந்திருந்தது. 1989-இல் இத்தாலியைச் சேர்ந்த மரியா லவித்ரானோ குழுவினர், எலி விந்தணுவை டிஎன்ஏ கரைசலில் வைத்திருந்து கருவூட்டியதில் பிறந்த குட்டிகளில் சுமார் 30 சதவீதத்தில் அந்த மரபணு இருந்ததாக அறிவித்தார்கள். உலகமே பரபரத்தது. அதே ஆண்டு வேறு பல ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது, மரபணு மாறிய குட்டி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இத்தாலியக் குழு விடவில்லை. மனிதருக்குப் பொருத்தக்கூடிய உறுப்புகளைப் பன்றியிலிருந்து பெறுவதற்கான ஆய்வில், பன்றிக்குட்டிகளில் 80 சதவீதம் வரை வெற்றி கண்டதாக 2002-இல் எழுதியது. ஆயினும், யார் செய்தாலும் ஒரே பலன் தரும் முறையாக இது இன்றுவரை நிலைபெறவில்லை.

காரணம் விந்திலேயே இருக்கிறது. விந்துத் திரவத்தில் உள்ள சில பொருட்கள் வெளி டிஎன்ஏ ஒட்டாமல் தடுக்கின்றன. அதனால் திரவத்தை முழுவதுமாகக் கழுவி நீக்கிய பிறகே ஆய்வைத் தொடங்குவார்கள். அதையும் தாண்டி உள்ளே போகும் டிஎன்ஏவை விந்தணுவின் நொதிகள் துண்டாடலாம். தப்பியதும் குரோமோசோமில் சேராமல் தனியே கிடந்து, செல்கள் பிரியப் பிரிய மறைந்துபோவதுண்டு. இயற்கை இவ்வளவு கறாராக இருப்பது எனக்கு நிம்மதி. விந்துப் பாதையில் எதிர்ப்படும் டிஎன்ஏவெல்லாம் அடுத்த தலைமுறைக்குப் போவதாக இருந்தால் எந்த இனமும் நிலைத்திருக்காது.

பாலினம் பிரித்த விந்தில் நடப்பது வேறு. காளையின் விந்தில் பெண் கன்று தருவது எக்ஸ் விந்தணு, ஆண் கன்று தருவது ஒய் விந்தணு. எக்ஸில், ஒய்யைவிட சுமார் 4 சதவீதம் டிஎன்ஏ கூடுதல். சாயமேற்றி லேசர் ஒளியில் ஓடவிட்டால் எக்ஸ் சற்று அதிகமாக ஒளிரும். அதை வைத்துப் பிரிக்கிறார்கள். மரபணு எதையும் சேர்ப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. எக்ஸை மட்டும் பிரித்தெடுத்து அடைப்பதால்தான் சுமார் 90 சதவீதம் கிடாரிக் கன்று பிறக்கிறது. பாலைத் தாராளமாகக் குடிக்கலாம். நம் நாட்டில் மரபணு மாற்றிய உயிரினங்களை 1989-ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. மரபணு மாற்றிய பசுவோ எருமையோ பண்ணைக்கு அனுமதிக்கப்படவில்லை. ‘ஜீன் ஏற்றிய விந்து’ என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு இருக்கும். பாலினம் பிரித்த குச்சியிலோ சுமார் 20 லட்சம்தான். பிரிக்கும்போது அவை களைத்தும் போகின்றன. ஆகவே சினை பிடிப்பது சற்றுக் குறையும். பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டுக்கு இதைக் கேட்காதீர்கள். நல்ல உடற்கட்டுள்ள கிடாரிக்கோ, தவறாமல் பருவத்துக்கு வரும் பசுவுக்கோ போடச் சொல்லுங்கள். குச்சியைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, ஈரம் போகத் துடைத்து, வெயில் படாமல் உடனே போட வேண்டும். சட்டைப்பையில் வைத்து உருக்கினால் தடுத்துக் கேளுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.