‘பேஸ் நல்லாத்தான் கேட்குது அக்கா’: பூட்ஸி காலின்ஸ் சண்டையில் நான் கவனித்தது

நான் கோலாலம்பூரில் ஆடியோலஜிஸ்டாக, அதாவது காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவராக, வேலை செய்கிறேன். சனிக்கிழமை இரவு கிளினிக்கை மூடியதும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மமாக் கடைக்குப் போவேன், ஏனென்றால் என் தம்பியும் அவனோடு கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவர்களும் ஜாம்மிங் முடித்துவிட்டு அங்கேதான் வந்து உட்காருவார்கள். ஆளுக்கொரு தே தாரிக், நடுவில் நாலு ரொட்டி சானாய், அப்புறம் சண்டை. இளையராஜாவில் ஆரம்பித்தாலும் அரை மணி நேரத்தில் ஃபங்க் இசைக்கு வந்துவிடுவார்கள். ஃபங்க் என்பது தாளத்தை முன்னிறுத்தும் அமெரிக்கக் கறுப்பின ஆட்ட இசை. ஃபங்க் என்றால் தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார், பேஸ் என்றால் அமெரிக்கக் கலைஞர் பூட்ஸி காலின்ஸ். அவருடைய வாழ்க்கையில் உச்சம் எது என்பதுதான் அன்றைக்கும் கேள்வி.

டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் 1970-ஐ விட்டு இறங்கவே மாட்டார். அந்த வருடம் மார்ச்சில் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பழைய குழு சம்பளத் தகராறில் விலகிக்கொள்ள, அவர் சின்சினாட்டியிலிருந்து ஒரு பொடியன் குழுவை அவசரமாக வரவழைத்தார். பேஸில் பூட்ஸி, வயது 18. கிட்டாரில் அவருடைய அண்ணன் கேட்ஃபிஷ். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை, அதற்குள் ‘சூப்பர் பேட்’, ‘சோல் பவர்’ எல்லாம் பதிவாகிவிட்டன. “முதல் அடியில எடை வைக்கணும்னு ஜேம்ஸ் பிரவுன் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அங்கதான்மா எல்லாமே பொறந்தது” என்று மேசையைத் தட்டிக் காட்டுவார் அண்ணன்.

கீபோர்ட் தம்பிக்கு அது ஆகாது. 1975-இல் பார்லியமென்ட் குழுவின் ‘மதர்ஷிப் கனெக்‌ஷன்’ ஆல்பம் வந்ததே, அந்தக் குழுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டனோடு சேர்ந்த பிறகுதான் மனிதர் சிறகு விரித்தார் என்பான். கிட்டார் வாசிக்கிறவருக்கு 1976-இல் தொடங்கிய ரப்பர் பேண்ட் குழுதான் உச்சம்: நட்சத்திர வடிவ பேஸ், வாய் பேசுவது போல ‘வாவ் வாவ்’ என்று நெளியும் அந்த எஃபெக்ட் சத்தம், 1978-இல் ‘பூட்ஸில்லா’ அமெரிக்க ஆர்&பி பாடல் பட்டியலில் முதலிடம். என் தம்பி இடையில் புகுந்து, பார்லியமென்ட்டின் ‘ஃபிளாஷ் லைட்’ பாட்டின் பேஸ் ஒன்றே போதும் என்றான். உடனே கீபோர்ட் தம்பி எழுந்தே நின்றுவிட்டான். அந்தப் பாட்டில் நாம் கேட்கும் பேஸ் கிட்டாரே இல்லை, அந்தக் குழுவின் கீபோர்ட் கலைஞர் பெர்னி வோரல் மினிமூக் சிந்தசைசரில் வாசித்தது, பூட்ஸி அதில் உட்கார்ந்தது டிரம்ஸில். அவன் சொன்னது உண்மைதான். இதெல்லாம் தெரிந்த பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அன்றைக்கு அதுவரை பேசாமல் இருந்தது பேஸ் வாசிக்கும் தம்பி மட்டும்தான். (அவனிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவன் கட்சியே வேறு. பூட்ஸிக்கு முன்னால் பேஸ் கலைஞர் லேரி கிரஹாம் இல்லையென்றால் யாருமே இல்லை என்பது அவன் வாதம். கிரஹாம் சிறு வயதில் தன் அம்மாவோடு ஓக்லாந்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது குழுவில் டிரம்ஸ் ஆள் இல்லாமல் போய்விட்டது. டிரம்ஸின் வேலையையும் சேர்த்துச் செய்யக் கட்டைவிரலால் தந்தியைக் குத்தவும் இன்னொரு விரலால் சுண்டி இழுக்கவும் பழகினார். ‘ஸ்லாப்’ வந்த வழி அது. அதைக் காட்ட 1969 கடைசியில் கிரஹாம் இருந்த ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழு வெளியிட்ட ‘தேங்க் யூ’ பாட்டைப் போனில் போட்டு, ஹெட்ஃபோனைச் சுற்றி அனுப்பினான்.

“குத்துறது சூப்பரு. ஆனா அந்தக் காலத்து ரெக்கார்டிங், சுண்டுற சத்தம் மழுங்கிப் போயிருக்கு, பாருங்க” என்றான்.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “மழுங்கலா? ‘டக் டக்’னு கண்ணாடி மாதிரி கேட்குதே.” நானும் போட்டுக் கேட்டேன். தெளிவாகத்தான் இருந்தது. அப்போது டிரம்ஸ் அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: “இவன் இப்பல்லாம் ஆம்ப்ல டிரெபிளை ஏத்திக்கிட்டே போறான்மா. சவுண்ட்காரர் ரெண்டு தடவை திட்டிட்டாரு.” (டிரெபிள் என்றால் மேல் ஒலிகள்.) நான் அந்தத் தம்பியைத் திங்கட்கிழமை கிளினிக்குக்கு வரச் சொன்னேன். அவன் சிரித்தான். “பேஸ் நல்லாத்தான் கேட்குது அக்கா, எனக்கு என்ன?”

இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்தக் கடைசி வாக்கியம்தான். பேஸ் வாசிக்கிறவர்களும் பேஸ் பிரியர்களும் என்னிடம் வந்து முதலில் சொல்வது அதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே கேட்கிறது. நாலு தந்தி பேஸின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை, அதிர்கிறது. பெரும் சத்தத்தால் காது கெடும்போது முதலில் அடிபடுவது அந்தப் பகுதி இல்லை, 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, அதிலும் பெரும்பாலும் 4000-ஐ ஒட்டிய இடம். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவில் வாசல் பக்கத்து உணர்வு செல்கள் உச்ச ஒலிகளுக்கு, உள்ளே கடைசிச் சுருளில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளுக்கு. ஆக, சொந்த வாத்தியம் கடைசிவரை நன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். இழப்பு அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கியிருக்கும், வாசிக்கிறவருக்குத் தெரியாது. ஸ்லாப்பில் அந்தச் சுண்டலின் கூர்மை, அந்த ‘டக்’, இருப்பது மேல் பகுதியில்தான். அது மங்க மங்கத்தான் கை தானாக டிரெபிள் குமிழுக்குப் போகிறது.

திங்கட்கிழமை ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்தோம். தாழ்ந்த ஒலிகள் எல்லாம் இயல்பு. 4000 ஹெர்ட்ஸில் இரண்டு காதிலும் பள்ளம், அதாவது கேட்கும் திறன் குறைவு, இடது காதில் அதிகம். மேடையில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேட்டேன். டிரம்ஸுக்கு வலது பக்கமாம், ஆறு வருடமாக. அதாவது இடது காதுக்கு ஒரு கை தூரத்தில் டிரம்ஸின் உலோகத் தட்டான கிராஷ் சிம்பல். பேஸ்காரர்களின் காதைக் கெடுப்பது பல நேரங்களில் பேஸ் இல்லை, பக்கத்தில் இருக்கும் அந்தச் சிம்பல்தான். அப்புறம் அவன் இன்னொன்றையும் சொன்னான். வீட்டில் அம்மா ‘கடை’ என்றால் ‘தடை’ என்று கேட்கிறதாம், அம்மா முணுமுணுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நம் வல்லினங்களையும் ‘ச’, ‘ஸ’ ஒலிகளையும் பிரித்துக் காட்டுகிற நுட்பமான ஒலிப்பகுதிகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கின்றன. குரல் கேட்கும், சொல் புரியாது.

இறந்த உணர்வு செல்கள் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் கணக்கைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். ஒரு நாளைக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பொதுவாக வைக்கப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 100-ஐத் தொட்டால் வெறும் 15 நிமிடம். கடைவீட்டு மாடியில் நாலு சுவருக்குள் ஜாம்மிங் செய்கிறவர்கள் 100-ஐ சுலபமாகத் தொட்டுவிடுவார்கள். மலேசியாவில் 2019 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள் பழைய 90 டெசிபல் எல்லையை 85-ஆக இறக்கின. தொழிற்சாலையில் வேலை செய்யும் மாமாவுக்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள், வருடாவருடம் பரிசோதிக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு யார் செய்கிறார்கள்? உருமி மேளம் அடிக்கும் தம்பிமார்களுக்கும் இதே கேள்விதான். தைப்பூசம் முடிந்த வாரம் காதிரைச்சலோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

அதே 2019-இல், மார்ச் மாதம், பூட்ஸி காலின்ஸ் ஒரு முடிவை அறிவித்தார். மருத்துவரிடமும் குடும்பத்திடமும் பேசிவிட்டு, இனி மேடையில் பேஸ் வாசிப்பதில்லை என்றார். அவர் சொன்ன காரணம், அது தன் உள்காதுக்கும் வலது கைக்கும் தாங்க முடியாத அழுத்தம் கொடுக்கிறது என்பது. ஒருவருடைய நோயைத் தூரத்திலிருந்து ஊகிப்பது என் தொழிலுக்கு அழகல்ல, அதனால் அவர் சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் மேடையே வாழ்க்கையாக இருந்த ஒருவர், காதுக்காகவும் கைக்காகவும் மேடையில் வாசிப்பதை விட்டார். இசையை விடவில்லை. 2021-இல் புரூனோ மார்ஸும் ஆண்டர்சன் பாக்கும் சேர்ந்த சில்க் சோனிக் ஜோடியின் ஆல்பம் முழுக்க நம்மை வரவேற்று அழைத்துப் போகும் குரல் அவருடையதுதான். இத்தனை வருடச் சண்டையில் எங்கள் மேசையில் யாரும் 2019-ஐச் சொன்னதே இல்லை.

காதைக் காப்பாற்ற வாசிப்பதை நிறுத்த வேண்டுமா என்று அந்தத் தம்பி பயந்துபோய்க் கேட்டான். வேண்டாம். பஞ்சு மாதிரியான மலிவு இயர்பிளக் மேல் ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவும் வெட்டுவதால் எல்லாம் கம்பளிக்குள் கேட்பது போல இருக்கும், அதனாலேயே வாத்தியக்காரர்கள் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் ஃபில்டர்கள் இருக்கின்றன, காதுக்கு அச்சு எடுத்து அதில் பொருத்துவோம். 9, 15, 25 டெசிபல் என்று வரும். 15-ஐ நன்றாகப் பொருத்தினால் 100 டெசிபல் மேடை காதுக்கு 85-ஆகத்தான் வந்து சேரும், 15 நிமிடம் 8 மணி நேரமாகிவிடும். முதல் இரண்டு ஒத்திகையில் பழக்கமில்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரசிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போன் ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் வராது, மேலே இருக்கும் ஒலிகளை வைத்து மூளைதான் அதை இட்டு நிரப்புகிறது. அதைத் தேடித்தான் சத்தத்தை ஏற்றுகிறீர்கள். இயர்பட் போட்டாலும் ரப்பர் முனை காதில் சரியாக அடைக்கவில்லையென்றால் முதலில் ஓடிப்போவது பேஸ், மறுபடி ஏற்றுவீர்கள். எல்ஆர்டி ரயிலில் வரும்போது இன்னும் மோசம், ரயில் இரைச்சலை மிஞ்ச வேண்டுமே. முனையை மாற்றிப் பாருங்கள், அளவு சரியாக இருந்தால் பாதி வால்யூமில் பூட்ஸி முழுசாக வருவார். இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் வாங்க முடிந்தால் அது நல்ல செலவு.

நிகழ்ச்சி முடிந்து காதில் ‘ஙொய்’ என்று கேட்டால், காலையில் நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அடிக்கடி வந்தால் ஆடியோகிராம் எடுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) கடிதம் வாங்கி அரசு மருத்துவமனைக்கே போகலாம். ஒரு காது திடீரென்று அடைத்து, கேட்காமலே போய்விட்டால் அழுக்கு என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், சீக்கிரம் மருந்து தொடங்கினால் திரும்ப வாய்ப்பு உண்டு.

அந்தத் தம்பி இப்போது டிரம்ஸுக்கு இடது பக்கம், இரண்டடி தள்ளி, காதில் ஃபில்டரோடு நிற்கிறான். டிரெபிள் குமிழை மட்டும் கீபோர்ட் தம்பியின் காதை நம்பி வைத்துக்கொள்கிறான். போன சனிக்கிழமை சண்டை மறுபடியும் 1970-ஆ 1975-ஆ என்று வந்து நின்றது. என்னைக் கேட்டார்கள். 1970 என்றேன், அந்தப் பதிவுகளில் எஃபெக்ட் எதுவும் இல்லாமல் விரலும் தந்தியும் மட்டும் கேட்கின்றன. கீபோர்ட் தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை.