கியர்பாக்ஸ் வாங்கப் போகும்போது கிளட்ச் தட்டையும் எடுத்துச் செல்லுங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய 1997ஆம் ஆண்டு மாருதி 800 காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றியிருந்தார். அதன் பிறகு எட்டே மாதங்களில் மூன்று கிளட்ச் தட்டுகள் போய்விட்டன. “நான் கிளட்ச் மீது காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறேனாம், தம்பி. முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன்” என்று முகம் வாடிச் சொன்னார்.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தோம். தட்டின் உராய்வுப் பகுதியில் பெரிய தேய்மானம் இல்லை. நடுவில் கியர்பாக்ஸ் தண்டு நுழையும் பல்வரிசைதான் அரைபட்டிருந்தது. இன்ஜினுக்கும், கிளட்சை மூடும் கியர்பாக்ஸ் உறையான பெல் ஹவுசிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இரண்டு டவல் பின்களை, அதாவது சிறு உருளை ஆணிகளைக் காணோம். கழற்றிய இன்ஜினோடு அவையும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டும். ஐயா ஓட்டியதில் ஒரு தவறும் இல்லை.

போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது. கியர்பாக்ஸை இன்ஜினுக்கு நேர்கோட்டில் நிறுத்துவது டவல் பின். போல்ட் துளை போல்ட்டைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். பின் இல்லாவிட்டால் அந்த இடைவெளி அளவுக்குக் கியர்பாக்ஸ் நகர்ந்து உட்காரும். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஒரு மையத்திலும் கியர்பாக்ஸ் தண்டு வேறொரு மையத்திலும் சுழலும். பல்வரிசை தேயும், பேரிங் இரையும், ஆயில் சீல் கசியும். காரோ முதல் நாள் அருமையாக ஓடும். அதனால்தான் இந்தத் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை.

“அதே 800 சிசி இன்ஜின்தானே, எந்தக் கியர்பாக்ஸும் சேரும்” என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். மாருதி 800, ஆம்னி இரண்டிலுமே 796 சிசி இன்ஜின்தான். ஆனால் 800இல் இன்ஜின் குறுக்காக நிற்கிறது. விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆம்னியில் எல்லாம் நீளவாட்டில் நின்று, புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீண்ட தண்டு வழியாகப் பின்சக்கரங்களுக்கு விசை போகிறது. சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு. கியர்பாக்ஸைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சென்னைப் புதுப்பேட்டைக்கோ உங்கள் ஊர்ப் பழைய உதிரிபாகச் சந்தைக்கோ போகும்போது, உங்கள் இன்ஜினில் இருக்கும் கிளட்ச் தட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வாங்கப்போகும் கியர்பாக்ஸின் தண்டில் அதை மாட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. பிறகு தண்டின் நீளத்தையும் நுனியின் தடிமனையும் உங்கள் பழைய கியர்பாக்ஸோடு ஒப்பிடுங்கள். சில மாடல்களில் நுனி, கிராங்கின் முனையில் உள்ள பைலட் பேரிங்கில் போய் உட்காரும். அங்கே நீளம் கூடினால் முட்டும், குறைந்தால் தண்டுக்குத் தாங்கல் இல்லை. கிராங்கோடு சுழலும் கனமான சக்கரமான பிளைவீல் மாறினால் அதன் பல்வளையத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு குறி போட்டுப் பற்களை எண்ணிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த வளையத்துக்கு உரியதாக இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிடும். இன்ஜெக்‌ஷன் கார்களில் கிராங்க் சென்சார் பிளைவீலைப் பார்த்துக் கணக்கெடுக்கும் அமைப்பும் உண்டு. அங்கே பற்களின் அமைப்பு மாறினால் இன்ஜின் உயிர்பெறாது.

மாட்டும்போது கியர்பாக்ஸ் கையின் தள்ளலிலேயே இன்ஜினோடு முழுவதும் ஒட்ட வேண்டும். விரற்கடை இடைவெளி நின்றால் போல்ட்டை முறுக்கி இழுக்கவே கூடாது. இப்படி இழுத்து, போல்ட் நுழையும் காது உடைந்த அலுமினிய உறைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஆட்டோமேட்டிக்கில் இது இன்னும் கொடுமை. அங்கே கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் உள்ளே சரியாக உட்காராத நிலையில் இழுத்தால், உள்ளிருக்கும் ஆயில் பம்ப் முதலில் நொறுங்கும்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கவலை. 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு 1817 சிசி இசுஸு இன்ஜினை வைக்க ஆசைப்படுகிறார்கள். வைப்பதென்றால் அதன் ஐந்து வேக கியர்பாக்ஸையும் சேர்த்து வாங்குங்கள். அதோடும் முடியாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், பின் ஆக்ஸில் விகிதம், இன்ஜின் மவுண்ட் எல்லாம் அளக்க வேண்டும். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். வேகத்தைக் கூட்டிவிட்டு பிரேக்கை அப்படியே விடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். இதற்காகவே சில வேலைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்ஜின் மாறினால் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும் மாற வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். ஒப்புதல் பெறாமல் இன்ஜினை மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அங்கே போய்க் கேட்டுவிடுவது நல்லது; விற்றவரிடம் ரசீதும், இன்ஜின் வந்த வண்டியின் ஆவண நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் விளக்கம் சொல்வது பெரும்பாடு.

ஆசிரியரின் காருக்கு இரண்டு டவல் பின்களும் ஒரு கிளட்ச் தட்டும் ஓர் ஆயில் சீலும் போட்டோம். தண்டின் பல்வரிசை நல்ல வேளையாகத் தப்பியிருந்தது. கழற்றிய தட்டைத் தாளில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார், வீட்டில் காட்ட வேண்டுமாம்.