ரோஸ்டர்: பணிமுறைப் பட்டியல்

செப்பாங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்ட பின், சாலாக் திங்கி போன்ற தோட்டப்புறப் பட்டணங்களின் தமிழ் வீடுகளுக்குள், யாருக்கு எந்த நாளில் எந்நேரம் வேலை என்று குறிக்கும் ‘ரோஸ்டர்’ என்ற சொல் நுழைந்தது. ‘ரோஸ்டர் வந்துவிட்டதா?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் திருமண நாள்கூடக் குறிக்கப்படுகிறது.

இச்சொல் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அம்மொழியில் அதன் முதற்பொருள், இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பிச் சட்டம். கோடு கிழித்துப் பெயர்களை எழுதிய தாள் அந்தச் சட்டத்தைப் போலத் தோன்றியதால், பட்டியலுக்கும் அதே பெயர் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையினர் அதைக் காவல்முறை குறிக்கும் ஏட்டுக்கு வழங்கினர்.

நம் தோட்டங்களில் இதற்கு நெருங்கிய வழக்கு ‘பெரட்டு’. விடியுமுன் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைக் குறிக்கும் அச்சொல், ‘பரேட்’ என்பதன் திரிபு. வந்தவர் பெயரைத் தோட்ட எழுத்தரான கிராணி ‘செக்ரோல்’ எனும் வருகை ஏட்டில் பதிவார். ஆயினும் இவ்விரண்டும் அன்றன்றைய வருகையையும் வேலையையுமே காட்டின. ரோஸ்டரோ இனி வரப்போகும் நாள்களின் உழைப்பையும் உறக்கத்தையும் முன்கூட்டியே வகுத்துவிடுகிறது.

விமானிகளின் பூசல்களில் பல, ரோஸ்டர் இப்படி உழைப்பையும் ஓய்வையும் வகுக்கும் விதத்தைப் பற்றியவையே. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபோது, விமானிகளின் களைப்பும் விசாரணையில் பேசப்பட்டது. அதன் பின்னர், 2014இல் நடைமுறைக்கு வந்த விதி, பயணிகள் விமானத்தை ஓட்டுபவருக்குப் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2025இல் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்த விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, ஒரு விமானிக்கு அனுமதிக்கப்பட்ட இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. அவற்றுக்கு ஏற்பப் பட்டியலிடப் போதிய விமானிகள் இல்லாமல், அவ்வாண்டு டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. ஆள் பற்றாக்குறையை விமானியின் உறக்கத்தைக் கொண்டு ஈடுகட்டலாம் என்று கணக்கிடுவது மன்னிக்கத்தக்கதன்று என்றே நான் கருதுகிறேன்.

தமிழில் எதைச் சொல்வது? ‘பணி அட்டவணை’ நேரத்தை மட்டும் காட்டும். ‘பெயர்ப் பட்டியல்’ ஆளை மட்டும் காட்டும். யாருக்குப் பின் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற சுழற்சியை உணர்த்த ‘முறை’ என்ற சொல் வேண்டும். ஆகவே ‘பணிமுறைப் பட்டியல்’ என்பதே பொருந்தும். தோட்டத்துக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க முறை வைத்தோம். கோயில் திருவிழாவில் உபயத்துக்கும் முறை உண்டு. பழந்தமிழில் மன்னன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்று பொருள். வரிசையும் நியாயமும் ஒரே சொல்லில் அடங்குவதால், வேண்டியவருக்குச் சலுகையாகப் பட்டியலைத் திருத்துவதை ‘முறைகேடு’ எனத் தயங்காமல் சொல்லலாம். இருவர் தங்களுக்குள் பணியை மாற்றிக்கொள்வது ‘முறைமாற்று’.

இதனோடு வரும் ‘ஸ்டேன்ட்பை’ என்பதை மட்டும் கவனமாகப் பெயர்க்க வேண்டும். சிலர் எழுதுவதுபோல் அதை ‘இருப்பு ஓய்வு’ என்பது பிழை. அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையம் சேர வேண்டியவர் மது அருந்த முடியாது, தொலைவு செல்ல முடியாது, நிம்மதியாகக் கண்ணயரவும் முடியாது. அவர் வீட்டிலேயே இருந்தாலும் அது ‘காத்திருப்புப் பணி’.